வீடும் விளையும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டி முடித்த வீட்டில் குடியிருந்தும் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் குடும்பம் இந்த இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டது. அப்பா, அம்மா, பாட்டி, தம்பி ஆகியோருடன் நாங்கள் ஐந்து பேர். நாகர்கோவிலில் ஒரு வரிசை வீட்டில் பதினாறு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தோம். சுவரில் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். செடி நட ஒரு சாண் மண்கூட அங்கே இல்லை. அம்மா பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு கறிவேப்பிலைச் செடியை மட்டும் வளர்த்து வந்தார்கள்.

நகருக்கு மேற்கே பத்து சென்ட் மனை வாங்கி, வங்கிக் கடன் பெற்று வீடு கட்டி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் குடிவந்தோம். சாமான்கள் எல்லாம் லாரியில் ஏறின. கறிவேப்பிலை டப்பா மட்டும் அம்மாவின் மடியில் வந்தது. அன்று முதல் இன்று வரை நாங்கள் கண்டதையும் கணக்கிட்டதையும் கற்றதையும் அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘விளை’ என்னும் சொல்

நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெருவிளை, கட்டையன்விளை, எள்ளுவிளை, அம்மாண்டிவிளை, கண்டன்விளை, மாத்திரவிளை, மாடத்தட்டுவிளை. இப்படி எத்தனை ‘விளை’கள்! நம்மில் பலருடைய வீட்டு முகவரியிலேயே இச்சொல் இருக்கிறது. ஆனால் அதன் பொருளை நாம் நின்று கேட்பதில்லை.

நெல் விளையும் தாழ்ந்த நிலத்தை வயல் என்றும், பரந்த வயல்வெளியை ஏலா என்றும் நம் பெரியோர் அழைத்தனர். வயலுக்கு மேலே, தண்ணீர் தேங்காத மேட்டு நிலத்தில் மரமும் கொடியும் கிழங்கும் வளரும் இடம் விளை. வீடுகளும் அந்த விளைக்குள்ளேயே இருந்தன. வயலில் யாரும் வீடு வைக்கவில்லை. விளையில் யாரும் வீட்டை மட்டும் வைக்கவுமில்லை.

இதில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை நாங்கள் மனை தேடிய காலத்தில்தான் உணர்ந்தோம். வயலை மண்ணிட்டு நிரப்பிப் பிரித்த மனை ஒன்று குறைந்த விலைக்கு வந்தது. அப்பாவுக்கும் அதில் ஆசை இருந்தது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் நம் மாவட்டத்தின் தாழ்வான பகுதிகள் பல வெள்ளத்தில் மூழ்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மழைக்குப் பிறகு அப்பா அந்த மனையைப் போய்ப் பார்த்தார். எல்லைக்கல்லின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்ததாம். ‘தண்ணி தன் வீட்டைத் தேடி வந்திருக்கு, அது இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு, சற்று அதிக விலை கொடுத்து விளையில் மனை வாங்கினார். அந்த மனையின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பெரிய பலாமரம் நின்றது. நம் ஊர் வழக்கில் சொன்னால், சக்கை மரம்.

பாட்டிக்குக் கிடைத்த மண்

எங்கள் பாட்டி கல்குளம் தாலுகாவில் ஒரு விளையில் பிறந்தவர். அந்த விளை அவர்களுடையதன்று. நில உடைமையாளரின் தோட்டத்துக்குள் ஓலைக்குடிசை போட்டுக் காவலும் வேலையும் பார்த்துவந்த குடும்பம் அது. பாட்டியின் அப்பா நட்ட தென்னைகள் குடிசையைச் சுற்றி நின்றன. காய் மட்டும் நிலத்துக்காரருக்கு. ஒரு நாள் ‘இடத்தைக் காலி செய்யுங்கள்’ என்று சொன்னபோது, பானை சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நகரத்துக்கு வந்துவிட்டார்கள். அப்போது பாட்டிக்குப் பன்னிரண்டு வயது.

இத்தகைய குடும்பங்கள் அக்காலத்தில் ஏராளம். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் முன் திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்ததை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். பக்கத்துக் கேரளத்தில் 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தின்படி, பிறர் நிலத்தில் குடியிருந்தவர்கள் கிராமப் பஞ்சாயத்துகளில் பத்து சென்ட் வரை தமக்கென்று பெறலாயினர். தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டு, விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. பாட்டியின் குடும்பம் அதற்கு முன்பே விளையை விட்டு வெளியேறிவிட்டது. ஆகவே எங்கள் பத்து சென்ட், பாட்டிக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து கிடைத்த மண். இதை முதலில் சொல்லாவிட்டால், அடுத்து வரும் வழக்கு தோழியருக்கு விளங்காது.

முற்றத்து வழக்கு

வீட்டு வேலை முடியும் தறுவாயில், ‘முற்றம் முழுவதும் இன்டர்லாக் கல் பதித்துவிடலாம். சக்கை மரத்தை வெட்டினால் கார் நிறுத்த இடமும் கிடைக்கும்’ என்றார் வேலையை ஏற்றவர். தச்சரும் மரத்தைத் தட்டிப் பார்த்து, ‘நல்ல வைரம் பாய்ந்த தடி’ என்றார். பத்மநாபபுரம் அரண்மனைக்கு நாம் சுற்றுலா சென்றபோது, தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூணைக் கண்டு வியந்தோம் அல்லவா? பலாத்தடிக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

அப்பாவுக்குக் கல் பதிப்பதில் மிகுந்த விருப்பம். அதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. “அம்மா, மழை பெஞ்சா முற்றம் சேறாகும். சருகு கெடந்தா பாம்பு வரும். நாலு பேரு வந்தா நிக்கணும்லா?” என்றார். பதினாறு ஆண்டுகள் பிறர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவர், தம் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்ததில் என்ன தவறு?

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: “மக்ளே, எனக்க அப்பா நட்ட தென்னையில ஒரு கருக்குகூட நாங்க வெட்டிக் குடிச்சதில்ல. இப்பதான் நமக்குன்னு மண்ணு கெடச்சிருக்கு. அதைக் கல்லு போட்டு மூடணுமா?”

வீட்டில் இரண்டு நாள் பேச்சுக் குறைந்தது. அம்மா யார் பக்கமும் பேசவில்லை. கறிவேப்பிலை டப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் என்ன?

பத்து சென்ட்டும் மழைக் கணக்கும்

நூறு சென்ட் ஓர் ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எனவே பத்து சென்ட் 4,356 சதுர அடி. இந்த எண்ணின் வர்க்கமூலம் சரியாக 66. அதாவது நான்கு பக்கமும் 66 அடி கொண்ட சதுரமே பத்து சென்ட். நிலம் அளப்போர் பயன்படுத்திய பழைய சங்கிலியின் நீளமும் 66 அடிதான். ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் பத்து சென்ட் என்று வைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது!

இனி மழை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெறும் பேறு நம் மாவட்டத்துக்கு உண்டு. இருந்தாலும் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டோம். கல் பதிக்கத் திட்டமிட்டிருந்த இடம் 2,000 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 186 சதுர மீட்டர். அதன்மேல் ஓர் ஆண்டில் விழும் மழை 1,86,000 லிட்டர்.

இது பெரிய எண்ணா, சிறிய எண்ணா? அதை அறிய நாங்கள் ஒரு வாரம் வீட்டுத் தண்ணீரைக் குடத்தால் அளந்தோம். குளிக்க, துவைக்க, சமைக்க, பாத்திரம் கழுவ என ஐந்து பேருக்கும் நாளொன்றுக்கு 500 லிட்டர் ஆயிற்று. ஆண்டுக்கு 1,82,500 லிட்டர். அதாவது, கல் பதித்து மூடவிருந்த அந்த இடத்தில் விழும் மழை எங்கள் ஐந்து பேரின் ஓராண்டுத் தண்ணீருக்குச் சமம்! விழும் மழை முழுவதும் கிணற்றுக்குப் போய்விடாது. வெயிலும் வேரும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் கல் பதித்து மூடினால் பெரும்பகுதி தெருவோடைக்குத்தான் போகும்.

கணக்கு நோட்டை அப்பாவிடம் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒருமுறை கூட்டிப் பார்த்தார், பெருக்கிப் பார்த்தார். மறுநாள் காலை வேலைக்காரரிடம், ‘வாசலுக்கும் துவைகல்லுக்கும் போக இரண்டடி நடைபாதை போதும். ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் மட்டும் கல் போடுங்கள். மரம் நிற்கட்டும்’ என்று சொல்லிவிட்டார். கார் வாங்கும் கனவை அவர் ஒத்திவைத்ததை நாங்கள் அறிவோம். பால்காய்ச்சு நாளில் பங்குத்தந்தை வந்து வீட்டை மந்திரித்தபோது, பாட்டி அவரைக் கைகூப்பி அழைத்துச் சென்று சக்கை மரத்துக்கும் தீர்த்தம் தெளிக்கச் சொன்னார்கள்.

மரத்தைக் காத்து வீடு கட்டுவதில் புகழ்பெற்ற ஒருவரைப் பற்றிப் பின்னர் நூலகத்தில் படித்தோம். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்து, திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு 2007இல் மறைந்த லாரி பேக்கர்தான் அவர். மேட்டைத் தேவையின்றி வெட்டிச் சமப்படுத்தாமல், நிற்கும் மரத்தைச் சாய்க்காமல், உள்ளூர்ச் செங்கல்லையும் சுண்ணாம்பையும் ஓட்டையும் கொண்டு குறைந்த செலவில் வீடு அமைத்தவர். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் படித்துச் சொன்னதும் எங்கள் பாட்டி படிக்காமல் சொன்னதும் ஒன்றாக இருந்தது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது.

கிணறு கற்பித்த பாடம்

கிணறு வடகிழக்கு மூலையில் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டி தென்மேற்கில். கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இடையே குறைந்தது ஐம்பது அடி இருக்க வேண்டும் என்பது சுகாதார விதி. 66 அடிச் சதுரத்தில் மூலைக்கு மூலை 93 அடி வரும். பிதாகரஸ் தேற்றம் பரீட்சைக்கு மட்டும் அன்று என்பதை அன்று அறிந்தோம்.

முதல் கோடையில் கிணறு எங்களைப் பயமுறுத்தியது. ஏப்ரலில் வாளி அடித்தரையைத் தட்டியது. ஏன் என்று பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். எங்கள் கூரையிலிருந்தும் ஒரு குழாய் இறங்கியது. ஆனால் அதன் முனை தெருவோடையில் போய் முடிந்தது! பெயருக்கு வைத்த குழாய். 850 சதுர அடிக் கூரையில், மேலே சொன்ன கணக்கின்படி ஆண்டுக்கு 79,000 லிட்டர் விழும். அத்தனையும் தெருவுக்குப் போயிருந்தது.

அந்த மே விடுமுறையில் அப்பாவும் நாங்களும் கிணற்றிலிருந்து சற்றுத் தள்ளி மூன்றடிக் குழி வெட்டினோம். அடியில் பெருங்கல், அதன்மேல் சல்லி, அதற்கும் மேல் மணல் நிரப்பி, குழாயை அதற்குள் திருப்பினோம். ஆண்டின் முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிக்கொண்டு வரும். அதை மட்டும் வெளியே விட வேண்டும். அடுத்த ஏப்ரலில், கயிற்றில் போட்ட முடிச்சை வைத்துப் பார்த்தால், தண்ணீர் முந்திய ஆண்டைவிட நான்கடி உயர்ந்து நின்றது. ஓர் ஆண்டு மழையும் மறு ஆண்டு மழையும் ஒன்றல்ல. ஆகவே இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டோம். விஞ்ஞான ஆசிரியை சொன்னபடி, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் முடிச்சுப் போட்டு எழுதிவைக்கத் தீர்மானித்திருக்கிறோம்.

நட்டவையும் பட்டவையும்

மண் கிடைத்த ஆசையில் நாங்கள் செய்த தவறுகள் பல. அவற்றை மறைப்பதால் யாருக்கும் பயனில்லை.

முதலில், தென்னங்கன்றுகளைப் பத்தடிக்கு ஒன்றாக நட்டோம். பாட்டி வந்து பார்த்து, எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார்கள். தென்னைக்குத் தென்னை இருபத்தைந்து அடி இடைவெளி வேண்டும். ஓலைகள் ஒன்றோடொன்று முட்டினால் எல்லா மரமும் வெளிச்சத்தைத் தேடி வளைந்து ஓடும். வெறும் பத்து சென்ட் நிலத்திலேயே ஏழு தென்னைதான் கொள்ளும். வீடும் பலாவும் போக எங்களுக்கு மூன்றே இடம். மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, அடியில் தேங்காய் மட்டையை அடுக்கி, அதன்மேல் மேல்மண் இட்டு நட்டோம். மட்டை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும்.

இரண்டாவது, ஜூன் மழையில் தக்காளி நட்டோம். ஒரே வாரத்தில் அழுகிப்போயிற்று. மூன்றாவது, அம்மா ஆசையோடு சக்கை மரத்தடியில் வைத்த பிச்சிக்கொடி. இலை இலையாகத் தழைத்ததே தவிர ஒரு மொட்டும் வைக்கவில்லை. தோவாளையில் வயல்வயலாகப் பிச்சி பூப்பது வெட்டவெளி வெயிலில் அல்லவா? கொடியை வெயில்படும் வாசல் பக்கம் மாற்றிய பிறகே பூத்தது. முதல் நாள் பதினோரு மொட்டு. அம்மா அதைத் தொடுத்து மாதா படத்துக்குச் சாத்தினார்கள்.

நடுவதற்குமுன் காலத்தை அறிந்துகொள்வது நல்லது. கீரை முப்பது நாளில் பறிக்கலாம். வெண்டை ஐம்பது நாளில் காய்க்கும். மரச்சீனிக் கிழங்குக்கு எட்டு முதல் பத்து மாதம். வாழைக்கு ஏறக்குறைய ஒரு வருடம். நல்லமிளகுக் கொடிக்கு மூன்று வருடம். நாட்டுத் தென்னைக்கு ஆறேழு வருடம். விதை போட்டு முளைத்த பலாவுக்கு ஏழெட்டு வருடம். எல்லாவற்றிலும் சிறிது சிறிது நட்டால் இந்த மாதமும் கறிக்கு ஏதாவது கிடைக்கும். அடுத்த தலைமுறைக்கும் ஏதாவது இருக்கும்.

தென்னை நட்ட அன்று அம்மா ஒரு கணக்குப் போட்டார்கள். அது முதல் குலை தள்ளும்போது, எங்களில் மூத்தவளுக்கு இருபது வயது ஆகியிருக்கும். எங்கே படித்துக்கொண்டிருப்போமோ, எந்த ஊரில் வேலை பார்ப்போமோ, யார் அறிவார்? “எங்க இருந்தாலும் முதல் கருக்கு குடிக்க வந்துரணும்” என்றார்கள். அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அன்றிலிருந்து எங்களுடையது.

காட்டைப் போன்ற தோட்டம்

நம் மாவட்டத்துப் பழைய விளையைப் பார்த்தால் ஒழுங்கற்றது போல் தோன்றும். உற்றுப் பார்த்தால் அதில் ஒரு காட்டின் ஒழுங்கு தெரியும். உச்சியில் தென்னை. அதற்குக் கீழே பலா, மா, கறிப்பலா. அதற்கும் கீழே கமுகும் வாழையும். மரத்தைப் பற்றி ஏறும் நல்லமிளகு. தரையில் சேம்பு, சேனை, இஞ்சி, மஞ்சள். மேலேயுள்ளது விட்டுக்கொடுத்த வெளிச்சத்தில் கீழேயுள்ளது வாழ்கிறது. வேர்களும் வெவ்வேறு ஆழத்தில் உணவு தேடுகின்றன. ஒரே பயிரில் நோய் வந்தால் எல்லாம் போகும் என்ற பயமும் குறைவு.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது, ரப்பர், வாழைத் தோட்டங்கள் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தன. அப்புயலில் நம் கடலோரக் குடும்பங்கள் இழந்த உயிர்களுக்கு முன் மரங்களின் இழப்பு பெரிதன்று. எனினும் ஒரே பயிரை நம்பியிருந்தவர்கள் மீண்டெழப் பட்ட பாட்டைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இத்தகைய வீட்டுத் தோட்டங்கள் கேரளத்திலும், இலங்கையின் கண்டிப் பகுதியிலும், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலும் உண்டு. ஜாவாவில் இதனைப் ‘பெகாராங்கன்’ என்பர். மழை மிகுந்த நாடுகளில் வெவ்வேறு மக்கள் ஒரே பாடத்தைத் தாங்களாகவே கற்றிருக்கிறார்கள்!

நம் விளைக்கே உரிய செல்வங்களும் உண்டு. சிறிய உருவமும் தேன் போன்ற இனிப்பும் கொண்ட மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் துவைகல்லிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் வரும் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக மட்டி வாழை மூட்டுக்குப் போகிறது. சாம்பலும் காய்கறித் தோலும் மீன் கழுவிய தண்ணீரும் அங்கேயே போய்ச் சேர்கின்றன. வாழை எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

அப்பா சொன்ன பாம்பு பயத்தையும் நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. சருகைச் சுவரோரம் குவிக்காமல், தென்னையின் தடத்தில் மட்டும் பரப்புகிறோம். இரவில் டார்ச் இல்லாமல் முற்றத்தில் இறங்குவதில்லை. தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கிறோம். சிரட்டையில் தேங்கும் ஒரு கரண்டி மழைநீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் பறக்கத் தொடங்கிவிடும். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடமையும் உண்டு.

சின்னச் சின்ன இன்பங்கள்

பெரிய இன்பங்களைப் பற்றி எழுத எங்களுக்கு அனுபவம் போதாது. சின்ன இன்பங்கள் சிலவற்றைச் சொல்லலாம்.

மாலையில் பள்ளி விட்டு வந்தால், அம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்திருப்பார்கள். காந்தாரி மிளகாயும் உப்பும் சின்ன உள்ளியும் சேர்த்து நசுக்கிய துவையல். கூட ஒரு கட்டன்சாயா. படியில் ஐந்து பேரும் வரிசையாக அமர்ந்து உண்போம். கிழங்கு எங்கள் மண்ணில் விளைந்தது. மிளகாய் எங்கள் செடியில் பறித்தது. என்னே அதன் சுவை!

ஆனி ஆடிச் சாரலில் மண்வாசனை எழுவதும், செம்போத்து வேலியோரம் ‘குப் குப்’ என்று ஒலிப்பதும், அணில் கடித்துப் போட்ட பழத்துக்குத் தம்பி சண்டை போடுவதும் எங்களுக்கு இன்பமே. சக்கை பழுத்த நாளில் வாசனை மூன்று வீடு தாண்டிப் போகும். ஒரு சக்கையை ஒரு வீடு தனியே தின்ன முடியாது. ஆகவே அக்கம்பக்கத்தாரின் பெயர் எல்லாம் ஒரே மாதத்தில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது! வரிசை வீட்டில் பதினாறு ஆண்டுகளில் அறியாத அண்டை வீட்டாரை இங்கே ஒரு பழம் அறிமுகம் செய்துவைத்தது. அப்பாவும் இப்போது வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு முதலில் போவது வாழை மூட்டுக்குத்தான். ‘நாலு பேரு வந்தா நிக்கணும்லா’ என்று சொன்ன அந்த நாலு பேரும் சக்கை மரத்தடியில்தான் நிற்கிறார்கள். அங்கேதான் நிழல்.

தோட்டமில்லாத தோழியருக்கு

நம் வகுப்பில் எல்லோருக்கும் பத்து சென்ட் இல்லை என்பதை நாங்கள் அறிவோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கடலோரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளிக் கட்டித் தரப்பட்ட வரிசை வீடுகளில் வாழும் தோழியர் இருக்கின்றனர். வாடகை வீட்டில் இருப்போர் பலர். உங்களுக்குச் சொல்ல எங்களிடம் இருப்பது அந்தப் பெயின்ட் டப்பாதான். அடியில் நான்கு துளை, ஒரு பிடி சல்லி, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய சாணம், நாளில் நான்கு மணி நேர வெயில். கறிவேப்பிலையும் மிளகாயும் கீரையும் வளர இவ்வளவு போதும். மணற்பாங்கான கடலோர நிலத்தில் முருங்கை ஒரு கம்பு ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். என்றாவது ஒரு நாள் சொந்த வீடு போகும்போது, அந்தச் செடி உங்கள் மடியில் வரும்.

முடிவுரை

சுவர் எழுந்த அன்றும், கூரை போட்ட அன்றும், பால் காய்ச்சிய அன்றும் எங்கள் வீடு எங்களுக்குச் சற்றுப் புதிதாகவே இருந்தது. சென்ற மாதம் ஒரு மாலை. பாட்டி முற்றத்தில் இறங்கி, அம்மாவின் பழைய கறிவேப்பிலையிலிருந்து ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்கள். டப்பாவிலிருந்து மண்ணுக்கு மாறிய அந்தச் செடி இப்போது பாட்டியின் தலைக்கு மேலே நிற்கிறது. யாரிடமும் கேட்காமல் ஒடித்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமிக்குக் கிடைக்காத உரிமை அது. அன்றுதான் ‘நாம் குடிவந்துவிட்டோம்’ என்று எங்களுக்குத் தோன்றியது.

எனவே அன்புத் தோழியரே, அருட்சகோதரிகளே, பெற்றோர்களே! வீடு கட்டும்போது மண்ணுக்கும் ஓர் அறை ஒதுக்குங்கள். மழை இறங்க வழி விடுங்கள். நிற்கும் மரத்தை வெட்டுமுன் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்களுக்கு ‘விளை’ என்று பெயரிட்டவர்கள் நம்மிடம் எதிர்பார்த்தது அவ்வளவே.